பத்து வயது மகளுக்கு எந்தப் பாடசாலை?

ஷரஃபியாவிலிருந்து ஒரு தந்தை எழுதுகிறார்

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜித்தா நகரின் ஷரஃபியாப் பகுதிக்கு வருபவர், தாம் நிற்பது செங்கடற் கரையிலுள்ள அரபு நகரமா அல்லது கோழிக்கோட்டின் கடைத்தெருவா என்று ஒரு கணம் மயங்கக்கூடும். மலையாள உணவகங்களும் மருத்துவ நிலையங்களும் பயண முகவர் அலுவலகங்களும் ஊருக்குப் பொதி அனுப்பும் கடைகளும் தெருவின் இருமருங்கும் நெருங்கி நிற்கின்றன. விடுமுறை நாளில் நகரின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் வந்து சேரும் தொழிலாளரும் எழுதுவினைஞரும் நடைபாதையிற் கூட்டங்கூட்டமாக நின்று பேசுவார்கள். அக்கூட்டங்களுள் ஒன்றிரண்டில் தமிழும் கேட்கும். கீழக்கரைத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் யாவும் அங்கே கலந்து ஒலிக்கும்.

நான் இந்நகருக்கு வந்தது 2004 ஆம் ஆண்டில். அக்காலத்தில் நடைபாதைப் பேச்சு சம்பளத்தைப் பற்றியும் சமாதானப் பேச்சுவார்த்தைகளைப் பற்றியும் இருந்தது. இன்று குடும்பத்தோடு வாழும் இருவர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்திற்குள் பிள்ளையின் பாடசாலை வந்துவிடுகிறது. அதிலும் பெண்பிள்ளையின் பாடசாலை. மகன் என்றால், வளர்ந்த பின் தந்தையின் இகாமாவின் கீழ் தொடர்ந்திருப்பதற்கு நிபந்தனைகள் பல. எப்படியும் ஒருநாள் அனுப்பத்தான் வேண்டும் என்று முதலிலேயே மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். திருமணமாகாத மகளோ தந்தையோடு இருக்கலாம். இருக்கலாம் என்பதனாலேயே அவளை அனுப்புவதா, வைத்திருப்பதா என்ற கேள்வி எழுகின்றது.

என் இளைய மகளுக்கு இவ்வாண்டு பத்து வயது நிறைந்துவிட்டது. அடுத்த கல்வியாண்டில் அவள் ஆறாம் தரம். ஆகவே இக்கேள்வி இரண்டாவது முறையாக என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. முதன்முறை வந்தபோது நான் சொன்ன விடை சரியானதா என்பதை இன்னமும் அறியேன். அதை மறைக்காமற் கூறுவதே, லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருந்து இப்பத்தியைப் படிக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

தலைவரி

ஐரோப்பாவில் வாழும் எம்மவர் பலருக்கு வளைகுடா என்பது பணம் தேடப் போன இடம். அது முழு உண்மை அன்று. குண்டுவீச்சுக்கும் சுற்றிவளைப்புக்கும் தப்பி ஐரோப்பாவிற்குப் போக வழியின்றி, கைக்கு எட்டிய வேலை அனுமதியோடு இங்கே இறங்கியவர்களும் உளர். ஆனால் இங்கே அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. சவூதி அரேபியா 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணையாத நாடு. புகலிடக் கோரிக்கை இல்லை. ஐந்தாண்டின் பின் நிரந்தர வதிவிடம் என்ற பேச்சும் இல்லை. 2019 இல் அறிமுகமான சிறப்பு வதிவிட அனுமதிக்கு ஒருமுறைக் கட்டணமாக எட்டு இலட்சம் றியால் வேண்டும் என்றார்கள். அத்தொகையை வைத்திருப்பவர் ஷரஃபியா நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டார்! ஏனையோருக்கு இருப்பு என்பது வேலை. வேலை போனால் இருப்பும் போயிற்று.

இதற்குமேல் 2017 ஆம் ஆண்டு யூலை மாதம் தலைவரி வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளி தன் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 றியால் கட்டவேண்டும். அது 2018 இல் 200, 2019 இல் 300, 2020 இல் 400 என்று ஏறிற்று. தலைக்கு ஆண்டொன்றுக்கு 4,800 றியால். மனைவியும் இரு மகள்மாரும் என்றால் 14,400. இகாமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே செலுத்தவேண்டும். பெரிய நிறுவனங்கள் சில இதனைத் தம் உயர் அலுவலர்க்குக் கட்டின. இறக்குமதிச் சாமான் நிறுவனமொன்றிற் கணக்கெழுதும் என்னைப் போன்றோருக்கு அப்படி எவரும் கட்டவில்லை.

அந்த வருடங்களில் ஷரஃபியாவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. அடுக்குமாடி வாசல்களில் விற்பனைக்கு வைத்த கட்டில்களும் துணிதுவைக்கும் இயந்திரங்களும் நிறைந்து கிடந்தன. மனைவி பிள்ளைகளை விமானமேற்றிவிட்டு ஆண்கள் மீண்டும் அறைகளிற் கூட்டாகக் குடியேறினர். பாடசாலைத் தெரிவு என்று நாங்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கின் மறுபக்கமே.

மூத்தவள்

மூத்த மகளுக்கு அப்போது பதினொரு வயது. ஒருவர் குறைந்தால், தலைவரி 400 ஆகும் ஆண்டிலிருந்து வருடம் 4,800 மிச்சம். ஊரில் விடுதிக் கட்டணமும் பாடசாலைச் செலவும் சேர்த்தாலும் அதற்கு மிகக் கீழே நின்றன. கணக்கு இவ்வளவுதான். ஆனால் கணக்கை ஒருவரும் கணக்காகச் சொல்வதில்லை. “எங்கடை பிள்ளை எங்கடை பள்ளிக்கூடத்திலை படிக்கட்டும்” என்று அம்மாவிடம் தொலைபேசியிற் சொன்னேன். அம்மா மகிழ்ந்தார். எனக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலைகளின் பெயரைச் சொன்னால் எந்தத் தந்தைக்கும் சற்றுத் தலை நிமிரும். அமெரிக்க மிசனரிமார் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824 ஆம் ஆண்டில். பின்னர் வேம்படியும், 1896 இல் சுண்டுக்குளியும் தோன்றின. சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகளுக்கென 1913 இல் கல்லூரி நிறுவினார். யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943 இல் வந்தது. நான் இன்று வாழும் ஜித்தா நகரிலே பெண்பிள்ளைகளுக்கான முன்னோடிப் பாடசாலையான தார் அல்ஹனான் தொடங்கியது 1955 இல். இந்நாட்டில் அரசாங்கமே பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தது 1960 இல். ஒப்பிட்டுப் பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் பாட்டிமார் படித்த பெருமையை வைத்துக்கொண்டு, பேத்தி என்ன படிக்கிறாள் என்பதைக் கவனியாமல் விடுகிறோமோ என்ற ஐயத்திலேயே சொல்கிறேன்.

இன்னொரு காரணம், எங்கள் தலைமுறையின் வடு. 1970களிற் தரப்படுத்தல் வந்தபோது என் மாமனார் ஒருவர் சில புள்ளிகளாற் பல்கலைக்கழகத்தை இழந்தார். அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையை அவர் சாகும்வரை மறக்கவில்லை. எங்களையும் மறக்க விடவில்லை. ‘நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தால் புள்ளி கிடைக்கும், புள்ளி கிடைத்தால் எவனும் தடுக்க இயலாது’ என்பது எங்கள் வீட்டு வேதம்.

2018 தைமாதம் அவளைக் கொண்டுபோய் விட்டேன். பாடசாலையின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. குறை அதனிடத்தில் இல்லை. வாக்களித்த கல்வியை அவர்கள் அளித்தார்கள். ஜித்தாவில் ஆங்கிலத்திற் படித்தவள் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிக்க முதலாண்டு தத்தளித்தாள். இரண்டாமாண்டு வகுப்பில் முன்னணிக்கு வந்துவிட்டாள். விடுதி மேற்பார்வையாளர் அன்பானவர். ஆண்டுக்கொரு முறை நான் போவேன். ஒரு முறை அவள் வருவாள். இரண்டு வருடம் இவ்வாறு சென்றது. தாம் இங்கே இல்லாத மகளுக்கும் தலைவரி கட்டுவது மூடத்தனம் என்று நண்பர்கள் சொல்ல, அவளுடைய இகாமாவை முடித்து இறுதி வெளியேற்றம் பெற்றுக்கொண்டேன். அதன் பின் அவள் என்னிடம் வருவதாயின் வருகை விசாவிற்தான் வரவேண்டும். ஒரு தாளிற் கையொப்பமிட்டதால் மகள் விருந்தாளியாகிவிட்டாள் என்பதை அன்று உணரவில்லை.

2020 பங்குனியில் உலகம் மூடிற்று. சவூதி விமானங்கள் நின்றன, கட்டுநாயக்காவும் மூடப்பட்டது. விடுதியை மூடி, பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவளுடைய வீடு ஜித்தாவிலல்லவா இருந்தது! அம்மம்மா வீட்டிற்குப் போனாள். நான் அவளை மீண்டும் நேரிற் கண்டபோது இடையே இருபது மாதங்கள் கழிந்திருந்தன. பன்னிரண்டு வயதில் விட்டவள் பதினான்கைக் கடந்திருந்தாள். அவள் பெரியபிள்ளையானது அவ்விடைவெளியில். தாயார் கைத்தொலைபேசித் திரையிற் பார்த்துக்கொண்டிருக்க, சடங்கை அம்மம்மா செய்தார். நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை, வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோற் தட்டில் வைத்துத் தேநீர் கொண்டுவந்து தந்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் என்னால் இன்றுவரை விழுங்க முடியாததாக இருக்கிறது.

அவள் சாதாரண தரத்திற் சிறந்த பெறுபேறு பெற்றாள். இப்போது உயர்தரத்தில் உயிரியற் பிரிவு. ஆகவே ‘அனுப்பியது பிழை’ என்று நான் எழுதினால் அவளுடைய உழைப்பை அவமதித்தவனாவேன். ‘சரி’ என்று எழுதவும் கை வரவில்லை.

இளையவளுக்கு முன் இருக்கும் கதவுகள்

இளையவளின் விடயத்தில் உறவினர் எல்லோரும் ஆலோசனை வழங்குகிறார்கள். லண்டனுக்குத் தெற்கே சட்டன் பகுதியில் வாழும் என் தங்கையின் மகளுக்கும் அதே வயது. “அண்ணா, பிள்ளையை இஞ்சை அனுப்பிவிடுங்கோ. என்ரை மகளோடை சேர்ந்து சோதினை எழுதட்டும்” என்கிறாள். அச்சோதனையே பதினொரு வயதுச் சோதனை எனப்படும் இலெவன் பிளஸ். 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பின் இங்கிலாந்திலும் வேல்சிலும் பரவியிருந்த கிராமர் பாடசாலைகளுள் இன்று இங்கிலாந்தில் எஞ்சியிருப்பவை 163. புதிதாக ஒன்றைத் தொடங்க 1998 இன் சட்டம் இடந்தரவில்லை. எம்மவர் நிறைந்து வாழும் ஹரோவில் அரசாங்கக் கிராமர் பாடசாலை ஒன்றேனும் இல்லை. சட்டனிலோ பெண்பிள்ளைகளுக்கே நொன்சச், வாலிங்டன் என இரண்டு உண்டு. வடக்கே ஹென்றியற்றா பார்னெற், கிங்ஸ்ரனில் றிபின் பெண்கள் பாடசாலை என்று எம்மவர் நாவில் அடிபடும் பெயர்கள் வேறும் உண்டு. இவை யாவும் கட்டணமற்றவை. ஆதலால் ஓரிடத்திற்குப் பல பிள்ளைகள் போட்டியிடுகின்றனர். தங்கையின் மகள் எட்டு வயதிலிருந்து சனிக்கிழமைகளில் ரியூசன் போகிறாள். ஆறாமாண்டின் தொடக்கத்தில், புரட்டாதியிற் பரீட்சை. ஐப்பசி 31 இற்குள் நகரசபைக்கு விண்ணப்பம். பங்குனி முதலாந் திகதி முடிவு.

தங்கையின் பாசத்தை மதிக்கிறேன். ஆனால் அவள் சொல்வது நடவாத காரியம். பிரித்தானியாவின் பிள்ளை மாணவர் விசா, கட்டணம் செலுத்தும் தனியார் பாடசாலைகளுக்கே உரியது. அரசாங்கப் பாடசாலையிற் படிப்பதற்கென்று விசா கிடையாது. உறவினரின் முகவரியைக் காட்டிப் பிள்ளையைச் சேர்த்த பின்னர், நகரசபை விசாரித்து இடத்தைப் பறித்த நிகழ்ச்சிகள் பல. இதைச் சுற்றிப்போக வழி சொல்லும் முகவர்களை நம்பவேண்டாம்.

அதேவேளை, லண்டனிலிருந்து இதனைப் படிக்கும் புகலிடக் கோரிக்கையாளர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. உங்கள் வழக்கு முடியாதிருப்பினும் உங்கள் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையிற் படிக்க உரிமை உண்டு. கிராமர் பாடசாலைப் பரீட்சையும் அவளுக்கு மூடப்பட்டதன்று. சிக்கல் எழுவது பதினெட்டு வயதில். அகதி நிலை வழங்கப்பட்ட பிள்ளை உள்நாட்டு மாணவியாகப் பல்கலைக்கழகம் போவாள். வழக்கு இழுபடும் பிள்ளையிடம் வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணத்தையே கேட்பார்கள். ஆகவே கிராமர் பாடசாலைக்கான ரியூசன் ஆசிரியரைத் தேடும் அதே ஊக்கத்தோடு நல்ல சட்டத்தரணியையும் தேடவேண்டியுள்ளது.

சூரிச்சில் இருக்கும் தம்பியின் கதை வேறு. அங்கே ஆறாம் வகுப்பில் ஜிம்னாசியத்திற்குப் பரீட்சை. யேர்மன் மொழியும் கணிதமும். வகுப்புப் புள்ளியும் சேர்த்துக் கணிப்பார்கள். தேறி உள்ளே போனாலும் முதல் அரையாண்டு பரீட்சார்த்த காலம். அதில் நிற்காதவர் வெளியேற வேண்டும். தம்பியின் மகள் ஒரு புள்ளியின் பின்னத்தாற் தவறினாள். வீட்டிலே இழவு விழுந்ததுபோல் இருந்ததாம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு வாயில் அங்கே உண்டு. தொழிற்பயிற்சியினூடாகவும் உயர்கல்விக்குப் போகலாம். ஒரு தரம் மூடினால் மறுபடி திறக்கும் கதவு உள்ள ஊர்களிற் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இவ்வளவு அழவைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். தம்பிக்கும் எழுதினேன். அவன் பதில் எழுதவில்லை.

இனி யாழ்ப்பாணம். அங்கே சட்டத்தடை ஏதுமில்லை. ஆனால் வேம்படி போன்ற பாடசாலைகளுக்குள் ஆறாந் தரத்திற் புக ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையே பெருவழி. அவற்றின் வெட்டுப்புள்ளியும் உயரத்தில் நிற்பது. ஜித்தாவில் ஆங்கிலத்திற் படிக்கும் பிள்ளைக்கு அவ்வழி இல்லை எனலாம். கட்டணம் வாங்கும் பழைய மிசன் கல்லூரிகளும் விடுதியுமே மிச்சம். போனால் இலாபம் ஒன்று உண்டு, சிறியதன்று. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டத் திறமைக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. உயர்தரப் பரீட்சை எழுதியவருக்கே அப்பங்கு. லண்டன் பரீட்சையோ இந்தியப் பரீட்சையோ எழுதியவளுக்கு வெளிநாட்டுத் தகைமையுடையோருக்கான மிகச் சிறிய இடைவெளிதான் எஞ்சும். கட்டணமற்ற மருத்துவ பீடம் என்ற கனவு உடையவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க முடியாது.

ஜித்தாவின் பாடசாலைகள்

எஞ்சியது ஜித்தா. இங்கே பாடசாலைகள் சமூகவாரியானவை. இந்தியச் சமூகத்தின் பெரிய பாடசாலை 1969 ஆம் ஆண்டு தொடங்கியது. இந்திய மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டம். அதே பாடத்திட்டத்தில் தனியார் பாடசாலைகள் சிலவும் உள. இலங்கைச் சமூகத்தின் பாடசாலை லண்டன் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. ஆங்கிலேயப் பாடசாலையின் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நான் நன்றி கூறி வெளியே வந்தேன். கீழ்வகுப்புகள் கடந்ததும் பெரும்பாலும் ஆண், பெண் பிரிவுகள் தனித்தனி.

எங்கள் மாடியிலே குடியிருக்கும் கீழக்கரைப் பாய் தம் மகளை இந்தியப் பாடத்திட்டத்தில் விட்டிருக்கிறார். அவருக்கு எல்லாம் தெளிவு. மகள் மருத்துவராக வேண்டும். அதற்கு நீட் தேர்வு. 2021 இல் குவைத்திலும் துபாயிலும் அத்தேர்வு நடந்தது. 2022 இல் றியாத்திலும் நிலையம் வந்தது. “ஒரு ராத்திரி பஸ்ல போனா றியாத் வந்துரும் சார். உங்க பிள்ளையையும் இங்கயே சேருங்க” என்றார். அவர் சொல்வது அவருக்குச் சரி. அவருடைய பிள்ளைக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது. என் பிள்ளை இந்தியாவிற் படிக்கப் போனால் வெளிநாட்டு மாணவி. இந்திய கலாசார உறவுகள் பேரவை இலங்கை மாணவருக்கு வழங்கும் புலமைப்பரிசில்களுள் ஒன்று கிடைத்தாலொழிய வெளிநாட்டவர் கட்டணமே விதி.

மூன்று பாடசாலைகளுக்கு நேரிற் போனேன். மனைவி உடன் வந்தார். 2018 யூனில் பெண்கள் கார் ஓட்டத் தடை நீங்கிய பின்னர், காலையிற் பிள்ளைகளை இறக்கிவிட வரும் தாய்மார் வாசலில் வரிசையாக நிற்பதைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, நானும் பழகட்டே?” என்று கேட்டார். அது தனிக்கதை.

வரவேற்பறைச் சுவர்களில் மருத்துவரும் பொறியியலாளருமான பழைய மாணவரின் படங்கள் தொங்கின. முதற் பாடசாலையில் அவற்றைப் பார்த்து மயங்கினேன். இரண்டாவதில் மனைவி கேட்ட கேள்வி என்னை விழிக்க வைத்தது. “பெண்கள் பிரிவில் பௌதிகம் படிப்பிக்கிறது ஆர்? எத்தனை வருசமாய்ப் படிப்பிக்கிறா?” அதிபர் சற்றுத் தயங்கினார். இங்கே பெண்கள் பிரிவின் ஆசிரியைகளிற் பலர் தத்தம் கணவன்மாரின் இகாமாவின் கீழ் இருப்பவர்கள். கணவருக்கு வேலை போனால், அல்லது தலைவரி தாங்காமற் குடும்பம் ஊர் திரும்பினால், நடுத்தவணையில் ஆசிரியையும் போய்விடுவார். ஓராண்டில் மூன்று இரசாயன ஆசிரியைகளைக் கண்ட வகுப்பும் இந்நகரில் உண்டு. எந்தப் பாடசாலை பெரியது, எது பழையது என்று ஆராய்ந்துகொண்டிருந்த எனக்கு அதன்பின் கேட்கவேண்டியவை வேறாயின. உயர்வகுப்பில் எத்தனை பெண்பிள்ளைகள்? ஆய்வுகூடம் பெண்கள் பிரிவிற்கும் உண்டா? சென்ற ஆண்டு இறுதிவகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் இன்று எங்கே? கடைசிக் கேள்விக்கு ஒரு பாடசாலை மட்டும் தாள் எடுத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னது. மலேசியா, கொழும்பிலுள்ள தனியார் உயர்கல்வி நிறுவனங்கள், இந்தியா, இரண்டொருவர் பிரித்தானியா, மூவர் திருமணம், ஒருத்தி ‘வீட்டில் இருக்கிறாள்’. அந்த ‘வீட்டில் இருக்கிறாள்’ என்பதை ஒளிக்காமற் சொன்னதற்காகவே அப்பாடசாலையில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இங்கேயே தொடர்ந்து படிப்பதற்கும் இடம் அறவே இல்லையென்று கூறமுடியாது. 1999 இற் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கிய எஃபத், 2009 இற் பல்கலைக்கழகமாகிற்று. அது இந்நகரிலேயே உள்ளது. ஆனால் தனியார் நிறுவனம். கட்டணம் என் போன்றோருக்கு மலை. அரச பல்கலைக்கழகங்களில் எம்மவர் பிள்ளைகளுக்கு இடம் அரிது.

ஆக, பத்து வயதில் நாங்கள் தெரிவு செய்வது பாடசாலையை என்று நினைக்கிறோம். உண்மையிற் பதினெட்டு வயதில் எந்த வாசலிற் போய்த் தட்டலாம் என்பதையே தெரிவு செய்கிறோம். ஊருக்கு அனுப்பினால் கட்டணமற்ற பல்கலைக்கழகத்தின் வாசல். ஆனால் எட்டு வருடம் அவள் எங்கள் மேசையில் உட்கார்ந்து உண்ணமாட்டாள். இங்கே வைத்திருந்தால் மேசையில் இருப்பாள். அந்த வாசல் மூடும்.

லண்டன் பாடத்திட்டத்தில் இங்கேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இலங்கையின் மருத்துவ பீடத்தை அவளுக்கு நானே அறிந்து மூடுகிறேன். என் மாமனார் உயிரோடிருந்தால் என்னோடு பேசமாட்டார். மாதம் 400 றியால் தலைவரி, பாடசாலைக் கட்டணம், பேருந்துக் கட்டணம், பதினெட்டிற்கென ஒதுக்கும் சேமிப்பு என்று கணக்குப்புத்தகத்தில் எழுதிப் பார்த்தேன். என் வேலை இன்னும் எட்டாண்டு நீடித்தால் கணக்குச் சரிவரும். நீடிக்குமா என்று எந்தக் கணக்கனாலும் சொல்ல இயலாது. நடுவில் வேலை போனால், அவளும் ஒரு நாள் பாதி வகுப்பில் தமிழ்மொழி மூலத்திற்கு மாறித் தத்தளிக்க நேரிடும். அதற்காகவே வீட்டில் மாலையில் ஒருமணி நேரம் தமிழ்ப் பாடநூலை எடுத்து வைத்திருக்கிறோம். இலங்கை ஆறாந் தர விஞ்ஞானமும் கணிதமும்.

முடிவை மூத்தவளுக்கு அறிவிக்கத் தொலைபேசி எடுத்தேன். ‘உன்னை அனுப்பினோம், அவளை வைத்திருக்கிறோம்’ என்பதை எப்படிச் சொல்வது? பணம், விசா, வெட்டுப்புள்ளி என்று சுற்றிவளைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பின் கேட்டது ஒன்றுதான்.

“அப்பா, தங்கச்சியிட்டைக் கேட்டனீங்களே?”

கேட்கவில்லை. மூத்தவளிடமும் அன்று கேட்கவில்லை. அதை அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தோம். பிறகு உயிரியல் மாதிரி வினாத்தாளைப் பற்றிப் பேசினோம்.

அன்றிரவு உணவின்போது இளையவளிடம் எல்லாப் பாடசாலைகளையும் ஒவ்வொன்றாகக் கூறினேன். அம்மம்மா வீட்டு மாமரம், விடுதி, இங்குள்ள பாடசாலைகள், அவற்றின் பேருந்துகள் எல்லாம். அவள் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, “நான் இஞ்சை நிண்டால் அக்கா வருவாவோ?” என்று கேட்டாள்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மூத்தவளுக்கு மூன்று மாத வருகை விசா எடுப்பதற்கு ஷரஃபியாவிலுள்ள பயண முகவரிடம் நேற்றுப் பத்திரங்களைக் கொடுத்திருக்கிறேன். கடவுச்சீட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், எனது இகாமா யாவும் கேட்டார்கள். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘மகள்’ என்று எழுதினேன்.